இரண்டு மலையும் ஒரு பகலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"மலை ஏறின கதையைச் சொல்லுங்கோ டீச்சர்" என்று செயலாளர் கேட்டார். பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பகலில் இரண்டு மலை ஏறுவதாகப் புறப்பட்டோம். நான் ஏறியது ஒன்றுதான். இரண்டாவது மலையின் அடியில் வானுக்குள் காலை நீட்டிக்கொண்டு கச்சான் சாப்பிட்டபடி இருந்தேன். இரண்டையும் ஏறியவள் என் தோழி. அவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். எவ்வளவு கேட்டும் மேடைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே தோற்றவள் வந்து கதை சொல்கிறேன்.

விடத்தல்தீவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடத்தல் மரம், கண்டல், சேறு, அதற்கப்பால் கடல். 2016 இல் இந்தக் கடலையும் கரையையும் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு. அத்தனை பெரிய இடத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. நம் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் பனைதான்.

இப்படிப்பட்ட ஊரில் இருபத்து நான்கு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக வந்தால் செங்குத்து, விலகி வந்தால் மென்சாய்வு. கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன்! பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், நீங்கள் மலையில ஏறியிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். கண்டிக்குப் பயிற்சிக்குப் போன நேரம் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன் என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இலங்கையின் உயரமான மலைகள் மூன்றையும் இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். பீதுருதலாகல 2,524 மீற்றர். அடுத்தது கிரிகல்பொத்த, ஏறத்தாழ 2,390. மூன்றாவது தொட்டுபொல, 2,357. முதலாவதின் உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் பாதுகாப்பு வலயமும் இருக்கின்றன. விரும்பியபடி நடந்து ஏற முடியாது. மற்ற இரண்டும் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள், ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அப்படியானால் ஒரே நாளில் இரண்டையும் ஏறலாமே என்று தோன்றியது.

அந்த எண்ணத்தைத் தந்தவர் நம் பழைய மாணவி ஒருவர்தான். இங்கிலாந்தில் இருக்கிறார். யோர்க்‌ஷயரில் பென்-ய-கெண்ட், வேர்ன்சைட், இங்கிள்பரோ என்று மூன்று மலைகளை, 24 மைல் தூரத்தை, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும். அங்கே அது ஒரு வழக்கம். நம் ஊர்ச் சனமும் நிதி சேர்ப்பதற்காக அதை நடப்பார்கள். அவர் தன் படத்தை அனுப்பியிருந்தார். ஆசிரியப் புத்தியில் அந்த மலைகளின் உயரத்தைத் தேடிப் பார்த்தேன். 694, 736, 723 மீற்றர். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர்! "உங்கட மூன்று மலையும் எங்கட சந்தைக்குக் கீழே" என்று பதில் போட்டேன். "அப்ப நீங்கள் ஏறிக் காட்டுங்கோவன்" என்று வந்தது. வாயைக் கொடுத்தால் அப்படித்தான். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த மூன்று மலைகளையும் ஒரே நாளில் நடந்ததாகப் பதிவுள்ள முதல் சோடி கிகிள்ஸ்விக் பாடசாலையின் ஆசிரியர்கள் இரண்டு பேர். 1887 இல், பத்து மணித்தியாலத்தில் நடந்தார்கள்.

எனக்கும் ஒரு சோடி வேண்டியிருந்தது.

நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. வலைப்பந்தில் அவள் நடுவில் ஓடுவாள், நான் பின்னால் நின்று கையைத் தூக்குவேன். அவளுடைய உம்மா வட்டிலப்பம் செய்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு கோப்பை வரும். நத்தாருக்கு எங்கள் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவளுடைய வாங்கு வெறுமையானது. நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். அவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். 2008 இல் எங்களுடைய முறை வந்தது. அந்த ஜூலையில் ஊர் கைமாறும்போது நாங்கள் வன்னிக்குள் எங்கேயோ தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அது இந்த மண்டபத்தில் பாதிப் பேருடைய கதை, விடுகிறேன்.

அவளை நான் திரும்பக் கண்டது யுத்தம் முடிந்து, விடத்தல்தீவு முஸ்லிம் சனங்கள் பெரியமடுப் பக்கமும் ஊருக்கும் வந்து காணி பார்க்கத் தொடங்கிய காலத்தில். சந்தியில் நின்று, "என்ன புள்ள, மெலிஞ்சு போனாய்" என்றாள். இருபது வருடத்துக்கு மேல் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் மெலிந்திருக்கவில்லை.

அவள் புத்தளத்தில் தையல் வேலை செய்கிறாள். சீனி வருத்தம் வந்த பிறகு தினமும் காலையில் களப்பு ஓரமாக நடக்கத் தொடங்கியவள், இப்போது என்னைவிட இரண்டு மடங்கு வேகம். மலைக் கதையைச் சொன்னதும் "எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

ஆயத்தம் செய்தோம். எனக்கு ஏறிப் பழக இங்கே என்ன இருக்கிறது? முருங்கனுக்குப் போய்க் கட்டுக்கரைக் குளக்கட்டில் நடந்தேன். கட்டில் ஏறுவது, இறங்குவது, திரும்ப ஏறுவது. மாடு மேய்க்கிறவர் ஒருவர் ஏதும் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இரவில் தொலைபேசியில் அன்றைய கணக்கைச் சொல்லிக்கொள்வோம். ஒரு பிழை விட்டோம். தங்கச்சிமார் யாரும் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் மூச்சுத்தான் பழகும், இறக்கம் பழகாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். அது களைத்தால் பாரம் முழங்காலுக்குப் போகும். படி இறங்கியாவது பழகியிருக்க வேண்டும். ஊன்றி நடக்கிற தடி இரண்டு இருந்தாலும் பாதி நோவு மிச்சம். என்னிடம் இருந்தது குடை.

இன்னொரு விடயத்தையும் தொலைபேசியில் பேசித் தீர்த்தோம். யாருக்காவது ஏலாமல் போனால் மற்றவள் என்ன செய்வது? ஜயந்தி குரு உதும்பாலவும் யொஹான் பீரிஸும் எவரெஸ்ட் போன கதையை நான் அவளுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்தே ஆயத்தம் செய்து சேர்ந்தே போனவர்கள். 2016 மே 21 அன்று ஜயந்தி உச்சியில் நின்றார். எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண். யொஹான் ஏறத்தாழ 8,400 மீற்றரில் ஒட்சிசன் போதாமல் திரும்ப வேண்டியதாயிற்று. 2018 மே 22 அன்று திரும்பப் போய் அவரும் ஏறினார். "அந்தப் பொம்புள அவர விட்டுட்டுப் போனதா?" என்று கேட்டாள் இவள். விட்டுவிட்டுப் போகவில்லை, அவர் கீழே பத்திரமாக இறங்கினார், இவர் மேலே போனார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னாள்: "அப்ப நாமளும் இப்பவே சொல்லிக்குவோம். ஏலாதவ கீழ நிக்கணும், ஏலுமானவ போவணும். அழப்படாது."

நேரத்தையும் எழுதி வைத்தோம். பூங்காவுக்குள் காலை ஆறு மணிக்குப் போகலாம், மாலை ஆறுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பதினொன்றரைக்குள் கிரிகல்பொத்த உச்சிக்கு வராவிட்டால் நிற்கிற இடத்திலேயே திரும்புவது. மூன்று மணிக்குப் பிறகு தொட்டுபொலவில் கால் வைப்பதில்லை. நாலு மணிக்கு எங்கே நின்றாலும் இறங்கத் தொடங்குவது.

போனது ஒரு பெப்ரவரி, மழை குறைந்த காலம். நுவரெலியாவில் தங்கி, விடிய நாலரைக்கு வானில் புறப்பட்டோம். வழிகாட்டியாகப் பட்டிப்பொல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தம்பி வந்தார். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் ஊர். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், நல்ல விடயம். அவள் ரொட்டியை வாழையிலையில் சுற்றி வந்திருந்தபடியால் எங்களுக்கு ஒன்றும் பறிபோகவில்லை. குளிர் என்றால் என்னவென்று அன்றுதான் அறிந்தேன். புல்லில் வெள்ளையாக உறைபனி. மன்னாரில் நாம் உப்பை அப்படிப் பார்த்திருக்கிறோம்.

ஆறு முப்பத்தைந்துக்குக் கிரிகல்பொத்தப் பாதையில் இறங்கினோம். ஒரு வழி ஏழு கிலோமீற்றர். சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால், ஏற வேண்டிய உயரம் முந்நூறு மீற்றர்கூட வராது என்று வரைபடத்தில் கணக்குப் போட்டிருந்தேன். வரைபடம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதைப் பிழையாக வாசித்திருக்கிறேன். பாதை ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். புல்வெளி முடிந்தால் குள்ளமான மரங்களுக்குள் குகை போல ஒரு வழி, பாசி தொங்கும். காடு முடிந்தால் கறுத்தச் சேறு. இருபது மீற்றர் இடைவெளியில் வரைந்த சமவுயரக் கோடுகளுக்கு நடுவில் இத்தனை ஏற்ற இறக்கம் ஒளிந்திருக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

சேற்றில் மட்டும் நாங்கள் கெட்டிக்காரிகள். எங்கே கால் புதையும், எங்கே தாங்கும் என்று நம் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கம் இருக்கிறதே. அந்தத் தம்பி, "டீச்சர், நீங்க கடல் பக்கமா?" என்று கேட்டார். நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

வழியில் ஒரு சிற்றோடையில் நின்று போத்தலை நனைத்துக் குளிர வைத்தாள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்துதான் தண்ணீர் போகிறது என்று நான் பாடம் எடுத்தேன். "எல்லாத் தண்ணியும் இங்க கிடக்கு, நம்மள குடத்தோட வரிசையில நிக்க வச்சிட்டானுகள்" என்றாள்.

கடைசிப் பகுதி செங்குத்து. பாறையையும் வேரையும் பிடித்து ஏற வேண்டும். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு உச்சி. நல்ல வெயில், சுற்றிவர வெளிப்பு. கீழே தேயிலைத் தோட்டங்கள். தூரத்தில் கூம்பு மாதிரி ஒன்று தனியாக நின்றது. சிவனொளிபாத மலை என்று தம்பி சொன்னார். அவர்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வடமேற்கைத் தேடினேன். இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஊர் தெரியாது என்று புவியியல் ஆசிரியைக்குத் தெரியும். ஆனாலும் தேடினேன்.

பத்தரைக்கு இறங்கத் தொடங்கினோம். ஒரு மணித்தியாலம் போயிருக்காது, என் வலது முழங்காலுக்குள் யாரோ ஊசி ஏற்றினது போல இருந்தது. முதலில் சொல்லவில்லை. அவள் முன்னால் போகிறவள், திரும்பிப் பார்க்காமலே, "எந்தக் கால்?" என்று கேட்டாள். என் காலடிச் சத்தம் மாறிவிட்டதாம். அவளுடைய சால்வையைக் கிழித்து முழங்காலைக் கட்டிவிட்டாள். குடையை ஊன்றிக் கெந்திக் கெந்தி வந்தேன். மூன்றரை மணித்தியாலத்தில் ஏறிய தூரத்தை இறங்க மூன்றே முக்கால் எடுத்தது.

தொட்டுபொல அடிவாரத்துக்கு வான் வந்தபோது இரண்டு முப்பது. பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர், எல்லாம் காட்டுக்குள்ளால். எங்கள் ஒப்பந்தப்படி இன்னும் நேரம் இருந்தது. நான் இறங்கிப் பத்து அடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். "நீ போ" என்றேன். அவள் வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொலைபேசியில் சட்டம் போட்டவள் அவள்தான். இப்போது காலை எடுக்கிறாளில்லை. "தனிய விட்டுட்டு எப்படிப் புள்ள..." என்று இழுத்தாள். நேரம் போகுது, நாலுக்குத் திரும்பு என்று சத்தம் போட்டேன். வகுப்பில் போடுகிற சத்தம். தம்பியோடு போனாள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அந்த வானுக்குள் இருந்தேன். சாரதி நித்திரை. முகில் இறங்கி வந்து கண்ணாடியை மூடியது.

சிங்களத்தில் 'தொட்டுபொல' என்றால் துறை. இராவணனின் வானூர்தி அங்கே இறங்கியது என்று கதை. துறை என்ற சொல் எனக்கு 1990 ஐக் கொண்டுவந்தது. அவர்கள் போன அன்றைக்கு நான் போய்ப் பார்க்கவில்லை. அப்பா வெளியே போகக் கூடாது என்றார் என்பது உண்மை. அவர் சொல்லாவிட்டால் போயிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்பதும் உண்மை. வேலிக்குப் பின்னால் நின்று சனங்களின் சத்தத்தைக் கேட்டேன். என் மேசையில் அவளுடைய அட்லஸ் இருந்தது, வீட்டுப்பாடத்துக்கு வாங்கி வந்தது. மூன்று மலைகளையும் நான் மனப்பாடம் செய்தது அதில்தான். ஓடிப் போய்க் கொடுத்திருக்கலாம். நூறு யார் தூரம் வராது. கொடுக்கவில்லை. பதினெட்டு வருடம் வைத்திருந்தேன். 2008 இல் நாங்கள் ஓடும்போது அதுவும் ஊரோடு போயிற்று. சந்தியில் அவளைக் கண்ட நாளிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். தொலைபேசியில் நடைக் கணக்கு மட்டும் சொல்லிவிட்டு வைப்பேன்.

நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. முகிலுக்குள் எதுவும் தெரியவில்லை. நான் ஏன் சத்தம் போட்டு அனுப்பினேன் என்று என்னையே ஏசத் தொடங்கினேன். சாரதியை எழுப்பி, ஹோர்ன் அடிக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். காட்டுக்குள் அடிக்கக் கூடாது டீச்சர் என்றார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மரங்களுக்குள்ளிருந்து அவளுடைய சிரிப்புத்தான் முதலில் வந்தது. தம்பி ஏதோ பகிடி சொல்லியிருக்கிறார்.

"என்ன தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமே தெரியல்ல. முழுக்க முகில். என்ட கையக்கூட காணல்ல." ஏறி இருந்து கச்சானை வாங்கிக்கொண்டாள். மூன்றே முக்காலுக்கு உச்சி. பத்து நிமிடம் நின்றாளாம். உன்னையும் கூட்டி வந்திருந்தால் சும்மா காலும் போய் ஒன்றும் பாராமல் வந்திருப்பாய் என்று எனக்கு ஆறுதலும் சொன்னாள்.

பூங்கா வாசலைத் தாண்டும்போது ஐந்து முப்பத்தைந்து. அதன் பிறகு, இருட்டுக்குள், வான் பட்டிப்பொலவுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, நான் அட்லஸ் கதையைச் சொன்னேன். வேலிக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன். சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நிறைய நேரம் பேசவில்லை. பிறகு என் முழங்காலில் இருந்த கட்டை அவிழ்த்து, திரும்பவும் இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்: "அது என்ட அட்லஸ் இல்ல புள்ள. காக்காட. அவருக்குத் தெரியாம எடுத்துத்தான் ஒனக்குத் தந்த. புத்தளத்துக்குப் போயும் ரெண்டு வருசம் எனக்கு அடி."

வேலியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு புது அட்லஸ் வாங்கிப் புத்தளத்துக்கு அனுப்பினேன். காக்கா தொலைபேசி எடுத்தார். இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் அவருக்கு. நன்றி சொல்லிவிட்டு, "தங்கச்சி, என்ட அட்லஸ்ல மட்டைக்கு உள்ளுக்கு ஒரு பத்து ரூவாத் தாள் வச்சிருந்தன், கண்டீங்களா?" என்று கேட்டார்.

முழங்காலுக்கு வைத்தியர் பயிற்சி தந்திருக்கிறார். படி இறங்குவதுதான் அதில் முக்கியமானது. நம் பாடசாலையின் மாடிக் கட்டடத்துப் படிகளில் காலையில் என்னைக் காண்கிறவர்கள் மாடு மேய்க்கிறவர் கேட்ட கேள்வியைக் கேட்க வேண்டாம். பெப்ரவரியில் தொட்டுபொலவுக்குத் திரும்பப் போகிறோம். இந்த முறை அது ஒன்றுதான். அவள் வானுக்குள் இருக்கப் போவதாகச் சொல்கிறாள், நம்பாதீர்கள். கூட வர விரும்புகிற பழைய மாணவிகள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். குடை வேண்டாம், தடி கொண்டு வாருங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவி கையைக் காட்டுகிறார். இந்தக் கதையை அவளிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவாள். தேநீர் நேரத்தில் கேளுங்கள், மூன்றாவது வரிசை, பச்சைச் சேலை. 1990 க்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் இந்த மண்டபத்துக்குள் வந்திருக்கிறாள்.